நிழற்படமும் இளையோர் வாழ்வும்

நடுநாட்டுத் திருத்தலங்களுள் சிறந்து விளங்குவது திருவண்ணாமலை. அங்கு 2,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது மலை. அதன் கிழக்கு அடிவாரத்தில், பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் உடைய அரச கோபுரம் வானை நோக்கி எழுந்து நிற்கிறது. கார்த்திகைத் திங்களில் மலையுச்சியில் ஏற்றப்பெறும் தீபத்தைக் காணவும், முழுநிலா நாள்களில் 14 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் மலையை வலம் வரவும், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்து குவிகின்றனர். வருவோருள் நிழற்படம் எடுக்காமல் திரும்புவோர் மிகச் சிலரே. மலையும் கோபுரமும் தீபமும் எண்ணற்ற முறை படமாகிவிட்டன.

ஆயினும், அக்கோபுரத்தின் எதிரே காலை வேளையில் மிதிவண்டியில் பள்ளிக்கு விரையும் மாணவியை யார் படம் எடுத்தனர்? மாலையில் தந்தையின் பூக்கடையில் அமர்ந்து, ஒரு கையால் மாலைகளுக்கு நீர் தெளித்து, மறு கையால் பாடப்புத்தகத்தைப் புரட்டும் மாணவனை யார் படம் எடுத்தனர்? விழா நாளில் படம் எடுப்போர் பலர். வேலை நாளில் படம் எடுப்போர் சிலர். ஆனால் ஆண்டில் விழா நாள்கள் சிலவே. வேலை நாள்களே மிகுதி. மனிதனுடைய வாழ்க்கை பெரும்பாலும் அந்த வேலை நாள்களிலேதான் நடைபெறுகிறது. ஆகவே, ஓர் ஊரின் உண்மையான வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு அதன் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் படங்கள் இன்றியமையாதவை. அவற்றுள்ளும் இளையோரின் வாழ்க்கையைக் காட்டும் படங்கள் தனிச்சிறப்பு உடையவை.

13 வயது முதல் 19 வயது வரையுள்ள காலத்தைக் குமரப் பருவம் என்பர். குழந்தையும் அல்லாத, முதிர்ந்தவரும் அல்லாத இடைப்பட்ட பருவம் அது. உடல் வளர்கிறது, குரல் மாறுகிறது, நட்பு விரிகிறது, எதிர்காலத்தைப் பற்றிய கனவுகள் தோன்றுகின்றன. ஓராண்டிற்கு முன் அணிந்த சட்டை மறு ஆண்டில் பொருந்துவதில்லை. சட்டையைப் போலவே அப்பருவத்தின் விளையாட்டும் பேச்சும் விருப்பமும் விரைவில் மாறிவிடுகின்றன. விரைந்து மறையும் ஒன்றை உரிய காலத்தில் பதிவு செய்யாவிடின், பின்னர் எவ்வளவு முயன்றாலும் அதனைப் பெற இயலாது.

இவ்வுண்மைக்குத் திருவண்ணாமலையிலேயே ஒரு சான்று உண்டு. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று, பதினாறு வயது நிரம்பிய ஒரு சிறுவர் தனியாக அவ்வூருக்கு வந்து சேர்ந்தார். பின்னாளில் இரமண மகரிஷி என உலகம் போற்றியவர் அவரே. அவர் வந்து சேர்ந்த அந்நாளில் அவரை எவரும் அறியார். எவரும் படம் எடுக்கவும் இல்லை. அவருடைய முதல் நிழற்படம் சில ஆண்டுகள் கழித்தே எடுக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், அவருடைய இறுதி நாள்களிலோ, பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞராகிய ஆன்றி கார்ட்டியே பிரெசோன் அவ்வூருக்கு வந்து படங்கள் எடுத்தார். ஒருவர் புகழ் பெற்ற பிறகு உலகின் சிறந்த கருவிகள் அவரை நோக்கித் திரும்புகின்றன. பெயரறியாச் சிறுவராக இருந்த நாளிலோ ஒரு கருவியும் திரும்புவதில்லை. பெரியோரின் இளமைக்கே இந்நிலையாயின், எளிய மக்களின் இளமை பதிவின்றி மறைவதில் வியப்பு என்ன?

நிழற்படத்தின் வருகை

அன்றாட வாழ்க்கை பழைய படங்களில் அருகிக் காணப்படுவதற்குக் கலைஞர்களின் விருப்பம் மட்டும் காரணம் அன்று. கருவியின் இயல்பும் ஒரு காரணம். 1839ஆம் ஆண்டில் பாரிசு நகரில் தாகேர் என்பார் கண்ட நிழற்பட முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அக்கலை இந்தியாவிற்கும் வந்து சேர்ந்தது. சென்னை மாகாண அரசு இலினேயசு டிரைப் என்னும் படைத்தலைவரை அரசாங்க நிழற்படக் கலைஞராக அமர்த்தியது. அவர் 1857, 1858ஆம் ஆண்டுகளில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களுக்குச் சென்று படங்கள் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அமைத்தார்.

அவர் எடுத்த படங்களில் கோபுரங்களும் மண்டபங்களும் தெப்பக்குளங்களும் மிகத் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் மக்கள் நடமாட்டம் மிகுந்த அத்தெருக்களில் மனிதர்களைக் காண்பது அரிது. ஏன்? அக்காலத்தில் மெழுகு பூசிய தாளின்மீது மருந்து தடவி, அதனைக் கருவியினுள் வைத்துப் படம் எடுத்தனர். அத்தாளில் உருவம் பதிய நெடுநேரம் ஒளி பட வேண்டும். அவ்வளவு நேரமும் அசையாமல் நிற்கும் கல் பதிந்தது; நடந்து சென்ற மனிதர் பதியவில்லை. ஓடி விளையாடிய சிறுவர் மங்கிய புகைபோல ஆயினர், அல்லது முற்றிலும் மறைந்தனர். கல்லுக்கு வரலாறு கிடைத்தது, காலுள்ளவர்க்குக் கிடைக்கவில்லை.

பின்னர் நகரங்களில் நிழற்பட நிலையங்கள் தோன்றின. திருமணம், காதணி விழா, பட்டம் பெறுதல் முதலிய சிறப்பு நாள்களில் மக்கள் அங்குச் சென்று படம் எடுத்துக்கொண்டனர். பின்னே மாளிகையோ மலர்த்தோட்டமோ எழுதிய திரை தொங்கும். அதன் முன்னே, இருப்பவற்றுள் சிறந்த உடையை அணிந்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு குடும்பத்தார் நிற்பர். தமிழ்நாட்டின் பழைய நிலையங்களில் எஞ்சியிருந்த இத்தகைய படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள், பிரித்தானிய நூலகத்தின் துணையோடு தேடித் தொகுத்துள்ளனர். அப்படங்களால் அக்கால மக்களின் முகமும் உடையும் அணியும் தெரியவருகின்றன; அவர்கள் எவ்வாறு தோன்ற விரும்பினர் என்பதும் விளங்குகிறது. ஆனால், படம் எடுத்து முடித்து வீடு திரும்பிய பின் அந்த இளைஞன் என்ன செய்தான், எத்தகைய வீட்டில் வாழ்ந்தான் என்பதைத் திரையிலுள்ள மாளிகை மறைத்துவிடுகிறது.

கருவி சிறிதாகிய பின்னரே இக்குறை நீங்கத் தொடங்கியது. அமெரிக்காவில் சியார்ச் ஈசுட்மன் என்பார் 1888ஆம் ஆண்டில் படச்சுருள் பொருத்திய கோடக்குக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1900ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனம் ‘பிரௌனி’ என்னும் கருவியை ஒரு டாலர் விலைக்கு விற்றது. சிறுவரும் எளிதில் கையாளுவதற்காகவே அது செய்யப்பட்டது. 1925ஆம் ஆண்டில் செருமனி நாட்டிலிருந்து ‘இலைக்கா’ என்னும் சிறிய கருவி வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கும் அக்கருவியோடு கலைஞர் தெருவில் நடந்தனர். ஓடுவதும் சிரிப்பதும் திரும்பிப் பார்ப்பதும் நொடிப்பொழுதில் படமாயின. முற்கூறிய கார்ட்டியே பிரெசோன் இக்கருவியைக் கையாள்வதில் வல்லவர். இன்று கைப்பேசி வைத்திருப்போர் ஒவ்வொருவரிடமும் ஒரு நிழற்படக் கருவி இருக்கிறது. ஆகவே, இக்காலத்தில் தடையாக நிற்பது கருவி அன்று. எதனைப் படம் எடுக்க வேண்டும், எவ்வாறு எடுக்க வேண்டும் என்னும் தெளிவே வேண்டுவது.

இருவகைப் பார்வை

ஒரே கருவியால் மனிதரைப் பெருமைப்படுத்தவும் கூடும்; சிறுமைப்படுத்தவும் கூடும். இதனை இரண்டு வரலாறுகள் நன்கு விளக்கும்.

சென்னை அரசினர் அருங்காட்சியகத்தின் தலைவராக 1885 முதல் 1908 வரை பணியாற்றியவர் எட்கர் தர்சுடன். அவர் தென்னிந்தியாவின் குலங்களையும் பழங்குடிகளையும் பற்றி எழுதிய பெருநூல் 1909ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அவர் பலவகை மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தார். அவர்களைப் படமும் எடுத்தார். அந்நூல் இன்றும் ஆராய்ச்சியாளர்க்குப் பல செய்திகளைத் தருகிறது. ஆனால், அதிலுள்ள படங்களில் நிற்போர் பெரும்பாலும் தம் பெயரோடு தோன்றுவதில்லை. இன்ன குலத்தவர் என்னும் குறிப்போடு மட்டுமே தோன்றுகின்றனர். பேழையில் வைத்த வண்ணத்துப்பூச்சியைப் போல அவர்கள் ஒரு வகைக்கு எடுத்துக்காட்டாக நிற்கின்றனர். அவர்களுள் இருந்த இளைஞன் எதனை விரும்பினான், எதற்கு அஞ்சினான் என்பதை அப்படங்கள் கூறவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொருவர் கருவியை வேறு வகையில் பயன்படுத்தினார். அவர் பெயர் இலூயிசு ஃகைன். நியூயார்க்கு நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த அவர், 1908ஆம் ஆண்டு முதல், குழந்தைத் தொழிலை ஒழிக்க முயன்ற தேசியக் குழுவிற்காக நாடெங்கும் சென்றார். நூலாலைகளிலும் சுரங்கங்களிலும் செய்தித்தாள் விற்கும் தெருக்களிலும் உழைத்த சிறுவர் சிறுமியரைப் படம் எடுத்தார். ஆலைக்குள் நுழைய இசைவு கிடைக்காத இடங்களில் மாற்று வேடங்களும் பூண்டார். தம் சட்டைப் பொத்தான்களின் உயரத்தை அவர் முன்னரே அளந்து வைத்திருந்தார். சிறுவன் அருகில் நிற்கும்பொழுது எந்தப் பொத்தானுக்கு நேராக அவன் தலை இருக்கிறது என்று பார்த்து அவன் உயரத்தை அறிந்துகொண்டார். பெயர், வயது, செய்யும் வேலை, வேலை நேரம், கூலி ஆகியவற்றைக் கேட்டறிந்து குறித்துக்கொண்டார்.

அப்படங்களும் குறிப்புகளும் மக்கள் மனத்தை உருக்கின. சட்டம் உடனே வந்துவிடவில்லை. பலருடைய பல்லாண்டு உழைப்பிற்குப் பின்னரே, 1938ஆம் ஆண்டில், குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் நாடளாவிய சட்டம் அங்கு நிலைபெற்றது. அம்முயற்சிக்குத் துணைநின்ற கருவிகளுள் ஃகைனின் நிழற்படக் கருவியும் ஒன்று. அக்குழுவின் படங்கள் 5,000க்கு மேற்பட்டவை. இன்றும் அமெரிக்கப் பேரவை நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. தர்சுடனின் படங்களில் மனிதர் ஒரு குலத்தின் மாதிரியாக நின்றனர். ஃகைனின் படங்களில் பெயரும் வயதும் உடைய ஒரு சிறுவனாக, ஒரு சிறுமியாக நின்றனர். இவ்வேறுபாடே பதிவுக் கலையின் உயிர்நிலையாகும்.

திருவண்ணாமலையில் ஒரு முயற்சி

இத்தகைய பதிவுப் பணி தமிழ்நாட்டிற்குப் புதியது அன்று. திருவண்ணாமலையிலேயே அதற்கென ஓர் அமைப்பு ஏற்பட்டது. அபுல் கலாம் ஆசாத் என்னும் நிழற்படக் கலைஞர் 1964ஆம் ஆண்டில் கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில் பிறந்தவர். செய்தி நிறுவனத்தில் நிழற்படச் செய்தியாளராகப் பணியாற்றியவர். பின்னர்த் திருவண்ணாமலையைத் தம் உறைவிடமாகக் கொண்ட அவர், ‘ஏகலோகம்’ என்னும் நிழற்படக் கலை அறக்கட்டளைக்குத் தலைமை தாங்கினார். ஏகலோகம் என்பதற்கு ஒரே உலகம் என்பது பொருள். அவ்வறக்கட்டளை 2014ஆம் ஆண்டில் ‘புராசெக்ட் 365’ என்னும் திட்டத்தைத் திருவண்ணாமலையில் தொடங்கி, அடுத்த ஆண்டிலும் நடத்தியது.

பண்டைத் தமிழ்ப் பண்பாட்டின் கூறுகளையும், விரைந்து மாறிவரும் இக்கால வாழ்க்கை முறையையும் பலர் கூடிப் படம் எடுத்து, அவற்றைப் பொதுச் சொத்தாகப் பாதுகாப்பதே அத்திட்டத்தின் நோக்கம். கலைஞர் ஒருவர் தனித்து நின்று ஓர் ஊரின் முழு வாழ்வையும் பதிவு செய்தல் அரிது. ஒருவர் தெருவைக் காண்பார். ஒருவர் வீட்டைக் காண்பார். ஒருவர் மலையைக் காண்பார். பலருடைய பார்வை ஒன்றுசேரும்பொழுதே ஊர் முழுமையாகத் தெரியும். ‘இக்கால வாழ்க்கை’ என்று கூறும்பொழுது, அக்காலத்தோடு சேர்ந்து வளர்ந்து வரும் இளையோரை விலக்கிவிட முடியாது. அவர்களே அம்மாற்றத்தின் முதல் அலையில் நிற்பவர்கள்.

திருவண்ணாமலையில் இளையோரைப் பதிவு செய்ய முற்படுவோர் எவற்றைக் காணலாம்? காலையில் பேருந்து நிலையத்தில் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வந்து இறங்கும் மாணவர் கூட்டத்தைக் காணலாம். பள்ளி முடிந்ததும் தனிப்பயிற்சி வகுப்பிற்கு விரைவோரையும், மலையடிவாரத்து வெளியில் மட்டைப்பந்து ஆடுவோரையும் காணலாம். முழுநிலா இரவில் மலைவலம் வருவோர்க்கு நீர் வழங்கும் இளைஞரையும், பெற்றோர்க்குத் துணையாகக் கடையில் நிற்கும் பிள்ளைகளையும் காணலாம். மாவட்டத்தின் பிற பகுதிகளை நோக்கினால் காட்சி மேலும் விரியும். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியில், தறியோசைக்கு நடுவே பாடம் படிக்கும் பிள்ளைகள் உண்டு. சவ்வாது மலையில், உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் பயிலும் பழங்குடி மாணவர் உண்டு. ஒரே மாவட்டத்தில், ஒரே வயதில், எத்தனை வகையான வாழ்க்கை!

இவையெல்லாம் இன்று மிக எளிய காட்சிகள். எளியவை என்பதனாலேயே எவரும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நாள் செல்லச் செல்ல எளிய காட்சியே அரிய சான்றாகிவிடும். மிதிவண்டியில் செல்லும் மாணவியின் படத்தை எடுத்துக்கொள்ளலாம். முன்னர்ச் சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி ஓட்டுவது அரிய காட்சியாக இருந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பின்னர், 2001ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு மேல்நிலை வகுப்பு மாணவியருட் சிலருக்கு விலையின்றி மிதிவண்டி வழங்கத் தொடங்கிற்று. அத்திட்டம் படிப்படியாக விரிந்து மாணவர்க்கும் உரியதாயிற்று. ஆகவே, அம்மாணவியின் படத்தில் ஓர் இயக்கத்தின் வெற்றி இருக்கிறது. ஓர் அரசுத் திட்டத்தின் பயன் இருக்கிறது. மகளைத் தொலைவிலுள்ள பள்ளிக்குத் தனியே அனுப்பத் துணிந்த பெற்றோரின் மனமாற்றமும் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்து அப்படத்தைக் காணும் ஒருவர், பல நூல்களில் தேடி அறிய வேண்டிய செய்தியை ஒரே பார்வையில் உணர்ந்துகொள்வார்.

கருவி யார் கையில்?

இளையோரின் வாழ்க்கையை வெளியிலிருந்து வருவோர் மட்டுமே பதிவு செய்தால் போதுமா? வெளியிலிருந்து வருவோர்க்கு வியப்பாகத் தோன்றுவது ஊரில் உள்ளோர்க்கு வியப்பாகத் தோன்றாது. ஊரில் உள்ளோர்க்கு அரிதாகத் தோன்றுவது வெளியாரின் கண்ணிற் படாது. வெயிலில் நிற்கும் சிறுமியைக் கண்டு வெளியார் ஏழ்மையைப் படம் எடுப்பர். அச்சிறுமியின் கையில் கருவியைக் கொடுத்தால், அவள் தன் தோழியின் சிரிப்பைப் படம் எடுக்கக்கூடும். இரண்டும் உண்மையே, எனினும் முதலாவது மட்டும் எஞ்சுமானால் வரலாறு ஒருபக்கச் சாய்வு உடையதாகிவிடும்.

இதனை நன்குணர்ந்தவருள் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நிழற்படக் கலைஞர் மு. பழனிகுமார். உழைக்கும் மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்துவரும் அவர், 2014ஆம் ஆண்டில் பி. சாய்நாத் நிறுவிய ‘பாரி’ என்னும் ஊரக இந்திய மக்களின் ஆவணக்காப்பகத்தில் பணியாற்றுபவர். மீனவர், தூய்மைப் பணியாளர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அவர் நிழற்படக் கலையைக் கற்பித்தார். 2023ஆம் ஆண்டில் வடசென்னையைச் சேர்ந்த இளையோர் தம் வாழிடத்தைத் தாமே எடுத்த படங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒரு நூற்றாண்டிற்கு முன் எளிய மக்களை அளந்து படம் எடுத்தவர் தலைமை தாங்கிய அதே அருங்காட்சியகம் அது. அளக்கப்பட்டோர் நின்ற இடத்திலிருந்து காண்போர் நின்ற இடத்திற்கு மக்கள் நகர்ந்துள்ளனர் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

பதிவின் நெறிகள்

அன்றாட வாழ்வைப் படம் எடுப்போர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள் சில உண்டு. முதலாவது, இசைவு. ஒருவருடைய முகம் அவருக்கே உரியது. ஆகவே, படத்தில் இருப்பவரிடமும், அவர் சிறுவயதினர் ஆயின் அவருடைய பெற்றோரிடமும், படம் எடுக்கவும் அதனைப் பிறருக்குக் காட்டவும் இசைவு பெறுதல் வேண்டும். விளையாட்டாக எடுத்த ஒரு படம் பலர் கைக்குச் சென்று ஒருவரைத் தலைகுனியச் செய்யுமானால், அது கலையன்று, தீங்கு. வேண்டாம் என்று ஒருவர் கூறின், கருவியைத் தாழ்த்துவதே பண்பாடு.

இரண்டாவது, உண்மை. அன்றாட வாழ்க்கையைப் பதிவு செய்வோர் அதனை அழகுபடுத்தவும் கூடாது, இழிவுபடுத்தவும் கூடாது. மேசையின் மீதுள்ள பழைய பாத்திரத்தை அகற்றிவிட்டுப் படம் எடுத்தால், அவ்வீட்டின் ஒரு செய்தியும் அகன்றுவிடும். சுவரில் தொங்கும் நாட்காட்டி, கதவருகே கிடக்கும் காலணி, மின்னூட்டத்திற்காகச் செருகிய கைப்பேசி, சன்னலில் உலரும் பள்ளிச்சீருடை ஆகிய சிறு பொருள்களே காலத்தைக் காட்டும் கடிகாரங்கள்.

மூன்றாவது, குறிப்பு. எந்த நாள், எந்த இடம், எந்தச் செயல் என்னும் செய்திகள் இல்லாத படம் முகவரி இல்லாத கடிதம் போன்றது. பல வீடுகளில் பழைய பெட்டிகளுள் உள்ள படங்களைக் காட்டி, “இதில் நிற்பவர் யார்?” என்று கேட்டால் விடை கூற எவரும் இல்லை. படத்தின் பின்புறத்தில் யாரேனும் ஒரு வரி எழுதி வைத்திருந்தால், அம்முகம் தன் பெயரை இழந்திராது. ஃகைனின் படங்களுக்கு வலிமை தந்தவை அவர் எழுதிய குறிப்புகளே அல்லவா?

நான்காவது, பாதுகாப்பு. தமிழ்நாட்டின் வெப்பமும் ஈரமும் படங்களுக்குப் பகை. ஈரம் மிகுந்தால் படச்சுருளிலும் அச்சுப் படத்திலும் பூஞ்சை படரும். கறையான் தாளை அரிக்கும். வெயில் வண்ணத்தை மங்கச் செய்யும். டிசிட்டல் படத்திற்கு இப்பகைகள் இல்லை; ஆனால் வேறு பகைகள் உள்ளன. கைப்பேசி தொலைந்தாலும் பழுதடைந்தாலும் ஆயிரம் படங்கள் ஒரே நொடியில் அழிந்துவிடும். ஆகவே, சிறந்த படங்களைத் தெரிந்தெடுத்து, வெவ்வேறு இடங்களில் இரண்டு மூன்று படிகள் வைத்தல் வேண்டும். இன்றியமையாதவற்றை நல்ல தாளில் அச்சிட்டுக் குறிப்போடு காத்தல் வேண்டும். பாட்டனார் எடுத்த கருப்பு வெள்ளைப் படம் இரும்புப் பெட்டியில் இருந்து இன்றும் கைக்குக் கிடைக்கிறது. பேரன் சென்ற ஆண்டு கைப்பேசியில் எடுத்த படம் கிடைப்பதில்லை. படங்கள் பெருகிய காலத்தில் பாதுகாப்புக் குறைந்துவிட்டது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

இப்பணியைத் தொடங்கப் பெரும் பொருளோ பெரிய கருவியோ தேவையில்லை. ஒரு பள்ளியின் மாணவர் பலர் சேர்ந்து, ஆண்டிற்கு ஒரு முறையேனும் தம் தெருவையும் வகுப்பறையையும் விளையாட்டையும் உணவையும் படம் எடுத்து, ஒவ்வொன்றிற்கும் சில வரிகள் எழுதிப் பள்ளி நூலகத்தில் சேர்த்து வைக்கலாம். அடுத்த ஆண்டு மாணவரும் அதே இடங்களை அவ்வாறே படம் எடுத்தால், ஆண்டுகள் பல சென்ற பின் அந்நூலகத்தில் ஓர் ஊரின் வளர்ச்சி படிப்படியாகத் தெரியும். ஒரு தெருவில் மரம் எப்பொழுது வெட்டப்பட்டது, ஒரு குளம் எப்பொழுது வற்றியது, எந்த ஆண்டில் மிதிவண்டிகள் குறைந்து இயந்திர வண்டிகள் பெருகின என்பனவெல்லாம் சான்றோடு விளங்கும். உலகப் புகழ்பெற்ற கலைஞர் வந்து செய்யாத பணியை உள்ளூர்ப் பள்ளி மாணவர் செய்துவிடலாம்.

திருவண்ணாமலையின் மலை பல கோடி ஆண்டுகளாக நிற்கிறது. கோபுரம் பல நூற்றாண்டுகளாக நிற்கிறது. அவற்றை நாளையும் படம் எடுக்கலாம். அடுத்த ஆண்டும் எடுக்கலாம். ஆனால் அம்மலையடிவாரத்தில் இன்று பதினாறு வயதினராக இருக்கும் மாணவர் அடுத்த ஆண்டு பதினாறு வயதினர் அல்லர். 1896ஆம் ஆண்டில் அவ்வூருக்கு வந்த சிறுவரின் முகம் அந்நாளில் எவ்வாறு இருந்தது என்பதை இனி எவராலும் காட்ட இயலாது. இன்று அத்தெருக்களில் நடக்கும் இளையோருள் யார் யார் எந்நிலை எய்துவர் என்பதையும் எவரும் அறியார். புகழ் பெற்றாலும் பெறாவிடினும், அவர்கள் வாழ்ந்த நாள்கள் மெய்யானவை, மதிப்புடையவை. அவற்றை அன்போடும் உண்மையோடும் பதிவு செய்து வைத்தல், வருங்காலத்தார்க்கு இக்காலத்தார் விட்டுச் செல்லும் நற்கொடையாகும்.